கால் பறக்கிறதா, உறைகிறதா, தள்ளி நிற்கிறதா? விஆர் உடல் அசைவுப் பதிவில் பிழை நீக்கும் வழிமுறை

விஆர் (மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கன்ட்ரோலர்களைக் கையில் பிடித்தால் கணினிக்குத் தெரிவது மூன்றே புள்ளிகள். தலை ஒன்று, கைகள் இரண்டு. இடுப்பு எங்கே, கால் எங்கே என்பதெல்லாம் அது போடும் ஊகக் கணக்கு. இடுப்பில் ஒரு டிராக்கரும் (உடம்பின் அசைவைக் கணினிக்குச் சொல்லும் சின்னக் கருவி) பாதங்களில் இரண்டும் கட்டினால் ஆறு புள்ளிகள் ஆகிவிடும். மார்பு, முழங்கைகள், முழங்கால்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால் பதினொன்று. புள்ளி கூடக் கூட அசைவு அழகாகும், கெட்டுப்போகிற இடங்களும் கூடவே கூடும்.

ஏதாவது கோணலாகத் தெரிந்ததும் எல்லோரும் கேலிப்ரேஷன் பொத்தானைத்தான் (நிஜ உடம்பையும் திரை உடம்பையும் பொருத்துவது) அமுக்குகிறோம். நானும் மாதக்கணக்கில் அமுக்கியிருக்கிறேன். தலைவலிக்கு மாத்திரை போடுகிற மாதிரி அது. கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் வலி திரும்ப வரும். அதனால் எதிலும் கைவைப்பதற்கு முன் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, கெட்டுப்போன உறுப்பு திரையில் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். திடீரென்று பறக்கிறதா? உறைந்து நின்று பிறகு தாவுகிறதா? மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறதா? அல்லது ஆடாமல் அசையாமல், ஆனால் ஒரு சாண் தள்ளி நிற்கிறதா? இந்த நான்குக்கும் காரணம் வேறு வேறு. கேலிப்ரேஷன் தீர்ப்பது கடைசி ஒன்றை மட்டும்தான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் கீழே உள்ள எதுவும் பயன்படாது. வைவ் டிராக்கர் 3.0, டண்ட்ரா டிராக்கர் போன்றவை லைட்ஹவுஸ் வகை. அறை மூலையில் வைக்கும் பேஸ் ஸ்டேஷன் என்ற பெட்டி அகச்சிவப்பு லேசரால் அறையைத் துழாவும். டிராக்கரின் மேல் பரவியிருக்கும் சென்சார்கள், கதிர் தம்மீது பட்ட நேரத்தைக் கொண்டு கோணத்தைக் கணக்கிடும். ஸ்லைம்விஆர் போன்றவை ஐஎம்யூ வகை. இவை வெளியே எதையும் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் கைரோவும் (சுழற்சியை அளக்கும் சென்சார்) முடுக்கமானியும் (வேகமாற்றத்தையும் புவியீர்ப்பையும் உணரும் சென்சார்) சொல்வதை வைத்து, தொடை எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். உடம்பு எங்கே நிற்கிறது என்பதை ஹெட்செட்டின் இடத்திலிருந்தும் எலும்பு நீளங்களிலிருந்தும் மென்பொருள் கூட்டிப் போடும். மூன்றாவது, வைவ் அல்டிமேட் டிராக்கர் போல கேமராவைத் தன்னிலேயே வைத்திருக்கும் வகை. அதற்கு பேஸ் ஸ்டேஷன் வேண்டாம். வெளிச்சமும், பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள நாலு பொருள்களும் வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் அது திணறும்.

டிராக்கரே இல்லாமல் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை மட்டும் மாட்டிக்கொண்டு "கால் நான் சொன்ன மாதிரி ஆடவில்லை" என்று தேடி வந்திருந்தால், அது பிழையே இல்லை. அதன் கேமராக்கள் மேல் உடம்பைப் பார்க்கும். கீழே தெரிகிற கால்கள் மென்பொருள் கற்பனை செய்து போடுபவை. காலை ஓங்கி உதைத்துப் பாருங்கள், திரையில் உதைக்காது.

டிராக்கர் விளக்கு எரிகிறது, மென்பொருளில் காணோம்

லைட்ஹவுஸ் வகையென்றால் முதலில் டாங்கிளை (டிராக்கரோடு ரேடியோவில் பேச, கணினியின் யூஎஸ்பியில் செருகும் சின்னத் துண்டு) எண்ணுங்கள். வைவ் டிராக்கர் ஒவ்வொன்றுக்கும் தனி டாங்கிள். மூன்று டிராக்கருக்கு இரண்டு டாங்கிள் செருகியிருந்தால் மூன்றாவது எங்கும் வராது. அடுத்து பேஸ் ஸ்டேஷன் தலைமுறை. 1.0-வும் 2.0-வும் ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்யாது. 2017-இல் வந்த முதல் வைவ் டிராக்கர் 1.0-வை மட்டுமே புரிந்துகொள்ளும். 2018 பதிப்பும் 3.0-வும் இரண்டோடும் ஒத்துப்போகும். பழைய டிராக்கரைக் கைமாற்றி வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்டீம்விஆரில் (கணினியில் விஆரை இயக்கும் மென்பொருள்) டிராக்கர் தெரிகிறது, நீங்கள் திறக்கும் செயலியில் மட்டும் தெரியவில்லை என்றால், அதற்கு வேலை ஒதுக்கவில்லை என்று பொருள். ஸ்டீம்விஆர் அமைப்புகளில் டிராக்கர்களை நிர்வகிக்கும் பக்கம் இருக்கிறது. இடுப்பு, இடது பாதம், வலது பாதம் என்று அங்கே போய் ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும்.

ஸ்லைம்விஆர் வகையில் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வைஃபைதான். அந்த டிராக்கர்களில் பரவலாக இருக்கும் இஎஸ்பி8266 சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசினால் அதற்குக் காதே கேட்காது. அடுத்த சந்தேகம் விருந்தினர் வைஃபை. அதில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். மூன்றாவது விண்டோஸ் ஃபயர்வால். டிராக்கர்கள் யூடிபி 6969 போர்ட்டில் (நெட்வொர்க்கில் எண்ணிட்ட ஒரு வாசல்) கணினியிலுள்ள ஸ்லைம்விஆர் சர்வரைத் தேடி வருகின்றன. வீட்டு வைஃபையை விண்டோஸ் "பொது நெட்வொர்க்" என்று குறித்து வைத்திருந்தால் கதவு மூடியே இருக்கும். அதைத் தனியார் நெட்வொர்க்காக மாற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். டேட்டா கம்பி இல்லாத கேபிளால் டிராக்கரைக் கணினியில் செருகி, "கணினிக்குத் தெரியவில்லை" என்று அரை நாள் போராடியவன் நான்.

கால் திடீரென்று பறந்துபோகிறது, அல்லது உறைந்து நின்று தாவுகிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் இவற்றை ஒரே நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லைட்ஹவுஸ் டிராக்கரில் இரண்டும் வேறு. டிராக்கர் லேசருக்கு மறைந்துபோனாலும் அதற்குள்ளிருக்கும் ஐஎம்யூ நிற்காது. கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து அது தன் இடத்தை ஊகித்துக்கொண்டே போகும். சின்னப் பிழை கணத்துக்குக் கணம் பெருகும். திரையில் கால் கூரையைப் பார்த்துப் பறக்கும். டாங்கிளோடு ரேடியோ தொடர்பு அறுந்தால் கதை வேறு. தகவலே வந்து சேராது, கால் இருந்த இடத்தில் உறையும், தொடர்பு வந்ததும் சரியான இடத்துக்குத் தாவும். பறந்தால் ஒளியைப் பாருங்கள், உறைந்தால் அலையைப் பாருங்கள். பெரும்பாலும் இது தப்பாது.

பறக்கும் டிராக்கருக்கு ஒரு சோதனை: அதை உடம்பிலிருந்து கழற்றி, அறையின் நடுவில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் திரையைப் பாருங்கள். நாற்காலியிலும் குதித்தால் குற்றம் அறையில். நாற்காலியில் சாதுவாக இருந்து உடம்பில் மட்டும் குதித்தால், உடம்போ உடையோ அதை மறைக்கிறது. இடுப்பு டிராக்கரை முன்பக்கம் கட்டிக்கொண்டு குனிந்தால் வயிறும் தொடையும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். பின்னிடுப்புக்கு மாற்றிப் பாருங்கள். பேஸ் ஸ்டேஷன்களை 2 மீட்டருக்கு மேல் உயரத்தில், எதிரெதிர் மூலைகளில், 30 முதல் 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் ஒன்று மறைந்தாலும் மற்றொன்று பார்க்கும்.

அறைதான் குற்றவாளி என்றால் பளபளப்பைத் தேடுங்கள். கண்ணாடி, அணைத்து வைத்த டிவி திரை, மெருகேற்றிய உலோகம், சட்டமிட்ட படங்கள் எல்லாம் லேசரைத் திருப்பி அனுப்பும்; டிராக்கர் ஒரே கதிரை இரண்டு திசைகளிலிருந்து வாங்கிக் குழம்பும். என் இடது கால் மட்டும், அதுவும் நான் ஜன்னல் பக்கம் திரும்பும்போது மட்டும், முழங்கால் உயரத்துக்கு எகிறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டேன், பயனில்லை. இரண்டு சாயங்காலம் போன பிறகுதான் கண்ணில் பட்டது: என் முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி, அதன் கீழ்த்தட்டுக்கு மட்டும் கண்ணாடிக் கதவு. பாதத்தின் உயரத்தில் அந்த ஒரு கண்ணாடிதான். அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன், அன்றோடு எகிறுவது நின்றது. கண்ணாடியைத் தேடும்போது நின்ற உயரத்தில் தேடாதீர்கள். தரையில் உட்கார்ந்து, டிராக்கர் இருக்கும் மட்டத்திலிருந்து அறையைச் சுற்றிப் பாருங்கள்.

எல்லா டிராக்கர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து நடுங்கினால் அவற்றைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, பேஸ் ஸ்டேஷன்தான் ஆடுகிறது. அதற்குள் சுழலும் ரோட்டர் இருக்கிறது. ஆட்டம் காணும் அலமாரித் தட்டோ, ஸ்பீக்கர் இருக்கும் மேசையோ அதற்கு ஆகாது. கேமரா முக்காலியின் கால் அங்குல திருகு அதில் நேராகப் பொருந்தும். நல்ல கனமான முக்காலி போதும்.

உறைவதற்கு வருவோம். டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் 2012-இலேயே ஆவணமாக வெளியிட்டது. ஆனாலும் நாம் கணினியின் பின்புறம், ஹெட்செட்டின் யூஎஸ்பி 3.0 கேபிளுக்கு ஒட்டினாற்போல, மூன்று டாங்கிள்களை வரிசையாகச் செருகிவிட்டு, முன்னால் இரும்பு உடம்பு மறைக்க, தொடர்பு அறுகிறது என்று புலம்புகிறோம். ஒவ்வொரு டாங்கிளுக்கும் ஒரு யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிள் போட்டு, மேசைமேல் ஒரு சாண் இடைவெளியில், அறையைப் பார்த்து வையுங்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அதுவும் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். கணினிக்கு முதுகு காட்டும்போது முன்பக்க டிராக்கர் மட்டும் உறைகிறது என்றால் டாங்கிளை அறையின் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போங்கள்.

கால் மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது

இது ஐஎம்யூ வகையின் பிறவிக் குணம். முடுக்கமானிக்குப் புவியீர்ப்பு தெரியும், அதனால் எது கீழ் என்பதில் அதற்குக் குழப்பம் நீடிக்காது. முன்னே சாய்வதிலும் பக்கவாட்டில் சாய்வதிலும் கைரோ செய்யும் தவறை அது திருத்திவிடும். ஆனால் நின்ற இடத்தில் இடம் வலமாகத் திரும்புவதைப் புவியீர்ப்பு கண்டுகொள்ளாது. அந்தத் திசையில் கைரோ சொல்வதே வேதவாக்கு. அதன் சின்னப் பிழை கூடிக் கூடி, பத்து நிமிடத்தில் உங்கள் வலது கால் வாசலைப் பார்த்து நிற்கும். காந்தமானி (திசைகாட்டி போன்ற சென்சார்) உதவலாம்தான். ஆனால் கான்கிரீட் தரைக்குள் இருக்கும் கம்பியும் இரும்புக் கட்டிலும் அதை ஏமாற்றிவிடும். வீட்டுக்குள் அதை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கட்சி.

செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று: டிராக்கரை ஆன் செய்யும்போது உடம்பில் கட்டியபடி ஆன் செய்யாதீர்கள். மேசைமேல் வைத்து, ஆன் செய்து, கை எடுத்துவிடுங்கள். சில வினாடிகள் அசையாமல் இருந்தால்தான் "அசைவின்மை என்றால் இதுதான்" என்று கைரோ தெரிந்துகொள்ளும். இரண்டு: வெப்பநிலை மாறினால் கைரோவின் பிழையும் மாறும். ஆன் செய்து கொஞ்ச நேரம் சூடேற விட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள். மூன்று: எந்த ரீசெட் எதற்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைம்விஆரில் முழு ரீசெட், நிமிர்ந்து நேராக நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதற்கு. மவுண்டிங் ரீசெட், டிராக்கர் தொடையின் எந்தப் பக்கத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்வதற்கு. பனிச்சறுக்கு வீரர் மாதிரி முழங்காலை மடக்கி முன்சாய்ந்து நிற்க வேண்டும். திசை ரீசெட், மெல்லத் திரும்பிய காலை நேராக்குவதற்கு. காலின் திசை போனதற்கு மவுண்டிங் ரீசெட் அமுக்கினால் இருந்ததும் கெட்டுப்போகும்.

எப்போதும் ஒரே கால் மட்டும் விலகினால் இரண்டு கால் டிராக்கர்களையும் மாற்றிக் கட்டுங்கள், மென்பொருளிலும் பெயரை மாற்றிவிடுங்கள். பிழை டிராக்கரோடு போனால் கருவி பழுது. அதே காலிலேயே தங்கினால் பட்டையைப் பாருங்கள். எந்த வகை டிராக்கருக்கும் பொருந்தும் சோதனை இது. புதியது வாங்கக் கிளம்பும் முன் கட்டாயம் செய்து பார்க்க வேண்டியது.

எல்லாம் சரியாக அசைகிறது, ஆனால் தள்ளி நிற்கிறது

குவெஸ்ட் போன்ற ஹெட்செட்டோடு லைட்ஹவுஸ் டிராக்கர்களைச் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. ஹெட்செட் தன் கேமராக்களால் அறையை அளந்து தனக்கென ஒரு மையம் வைத்திருக்கிறது. டிராக்கர்களுக்கு பேஸ் ஸ்டேஷன் கொடுத்த வேறொரு மையம். ஓபன்விஆர் ஸ்பேஸ் கேலிப்ரேட்டர் என்ற கருவி இந்த இரண்டையும் பொருத்தும். ஒரு கன்ட்ரோலரையும் ஒரு டிராக்கரையும் ஒரே கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, எட்டுப் போடுவது போல மெதுவாகச் சுழற்ற வேண்டும். பிடியில் அவை ஒன்றுக்கொன்று நகர்ந்தால் அளவு தப்பிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுவது உத்தமம். கையை ஒரே தளத்தில் ஆட்டாமல் மணிக்கட்டையும் எல்லாப் பக்கமும் திருப்புங்கள்.

பொருத்தியது கொஞ்ச நேரத்தில் கலைந்தால், நீங்களே கலைத்திருக்க வாய்ப்பு அதிகம். கன்ட்ரோலரில் மையப்படுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஹெட்செட் தன் மையத்தை மாற்றிக்கொள்ளும், டிராக்கருக்கு அது தெரியாது. ஹெட்செட்டில் விளையாடும் இடத்தின் எல்லைக்கோட்டை மறுபடி வரைந்தாலும் இதே கதை. இதற்கு நிரந்தர வழி, ஒரு டிராக்கரை ஹெட்செட்டின் மேலேயே பொருத்தி, தொடர் கேலிப்ரேஷன் வசதியுள்ள பதிப்பைப் பயன்படுத்துவது. ஒரு டிராக்கர் செலவாகும், நிம்மதி கிடைக்கும்.

ஹெட்செட்டே அறையைத் தவறாக அளந்தால் மேற்சொன்ன எதுவும் நிற்காது. அறை மங்கலாக இருக்கக் கூடாது. அதற்காக லென்ஸில் வெயில் படும்படியும் வைத்துவிடாதீர்கள், திரை கருகிவிடும். விளக்குகளின் துடிப்பு கேமராவைக் குழப்பினால், குவெஸ்ட் அமைப்புகளில் டிராக்கிங் அலைவெண்ணை உங்கள் மின்சாரத்துக்கு ஏற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று கையால் தேர்ந்தெடுங்கள்.

முழங்கால் கோணலாக மடங்குகிறது, பாதம் தரைக்குள் புதைகிறது

பாதம் புதைந்தால் தரை மட்டம் தப்பு. கன்ட்ரோலரைத் தரையில் வைத்து மட்டத்தை மறுபடி அமையுங்கள். கால்கள் பின்னிக்கொண்டால் இடது வலது மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முழங்கால் விஷயம் அப்படியல்ல. டி-போஸில் (கைகளை இரு பக்கமும் நீட்டி) நின்று கேலிப்ரேட் செய்யும்போது, அவதாரின் (திரையில் நம் உருவம்) கால் நம் காலோடு பொருந்துகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்க்கிறோம். குனிந்ததும் தலை முன்னே போகிறது, உயரம் குறைகிறது, இடுப்பு பின்னே தள்ளுகிறது. அந்த நிலையில் கன்ட்ரோலரின் டிரிகரை அழுத்தினால், நிமிர்ந்த பிறகு அவதார் எப்போதும் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். விஆருக்குள் ஒரு கண்ணாடியை வைத்து, நேராக அதைப் பார்த்தபடி அழுத்துங்கள். உங்கள் நிஜ உயரத்தை அமைப்புகளில் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்னால் முழங்கால்தான் அந்தப் பொய்யைச் சுமக்கும்.

பத்து நிமிடம் நன்றாக இருந்து, அப்புறம் கெடுகிறது

பட்டை நழுவுகிறது. தொடையின் நடுவில் கட்டினால் உட்காரும்போது தசை உப்பும், எழும்போது சுருங்கும். ஒவ்வொரு உட்கார்ந்தெழுதலுக்கும் பட்டை ஒரு நூல் அளவு கீழே இறங்கி, ஒரு நூல் அளவு சுற்றும். இருபது தடவை உட்கார்ந்து எழுந்தால் டிராக்கர் தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்து நிற்கும். முழங்காலுக்கு நாலு விரல் மேலே, வெளிப்பக்கமாக, தசை குறைந்த இடத்தில் கட்டுங்கள். உள்பக்கம் சிலிகான் கோடு போட்ட பட்டை நன்றாகப் பிடிக்கும். தளர்வான துணிக்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் துணியோடு சேர்ந்து அதுவும் நழுவும். கட்டி முடித்ததும் பட்டையின் ஓரத்தில் உடைமேல் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை கால் கோணினால் கோட்டைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

நேரலையில் சரி, பதிவில் தவறு

பதிவு வெறுமையாக வந்தால் போர்ட்டைப் பாருங்கள். அசைவை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் விஎம்சி நெறிமுறையில் வழக்கமாகப் பயன்படுவது 39539. ஒரே போர்ட்டை இரண்டு செயலிகள் கேட்க முயன்றால் பின்னால் வந்ததற்கு எதுவும் கிடைக்காது.

பதிவின் நடுவே உடம்பு உறைந்துபோயிருந்தால், ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நடித்தீர்களா என்று யோசியுங்கள். லென்ஸ்களுக்கு நடுவே இருக்கும் சென்சார் முகத்தைக் காணாவிட்டால் ஹெட்செட் தூங்கப் போய்விடும். அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் விழித்திருக்கும்.

ஒரே ஒரு ஃபிரேமில் கை முழுச்சுற்றுச் சுற்றித் திரும்பினால், அது டிராக்கரின் தவறே இல்லை. சுழற்சியை ஆய்லர் கோணங்களாக (மூன்று அச்சுகளுக்கு மூன்று கோணங்கள்) எழுதும்போது 180 டிகிரியைத் தாண்டியதும் எண் மைனஸ் 180-க்குத் தாவும்; இடையில் நிரப்பப்போகும் மென்பொருள் கையை ஒரு சுற்றுச் சுற்ற வைக்கும். பிளெண்டர் மென்பொருளில் இதற்கென்றே ஆய்லர் ஃபில்டர் இருக்கிறது. குவாட்டர்னியனாகவே (சுழற்சியை நான்கு எண்களாக எழுதும் முறை) பதிந்துகொண்டால் இந்தத் தொல்லை வராது.

பாதம் தரையில் வழுக்குவது பெரும்பாலும் எலும்பு நீள வித்தியாசம். உங்கள் கால் அசைவைக் குட்டைக்கால் பாத்திரத்துக்கு மாற்றினால் அது சறுக்கித்தான் ஆகும். பாதம் தரையைத் தொடும் ஃபிரேம்களில் அதை ஆணியடித்து நிறுத்தும் வேலையைப் பிறகு செய்துகொள்ளலாம். வழுக்குகிறதே என்று மென்மையாக்கும் ஃபில்டரை ஏற்றாதீர்கள். ஃபில்டர் ஏற ஏற அசைவு தாமதமாகும், உதையும் அடியும் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

ஒலியோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நேராக நின்று ஒரு கைதட்டு, பிறகு வலது காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. தட்டிய ஒலியையும் கைகள் சேர்ந்த ஃபிரேமையும் பொருத்தினால் மேல் உடம்பு சரியாகும். மிதித்த ஒலிக்கும் பாதம் தரை தொட்ட ஃபிரேமுக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருந்தால், கால் டிராக்கர்கள் மட்டும் அவ்வளவு ஃபிரேம் பின்தங்குகின்றன. கால் எலும்புகளின் டிராக்கை மட்டும் அத்தனை ஃபிரேம் முந்தி வரும்படி நகர்த்துங்கள்.